சிரிக்கத் தெரிந்த அட்டை

ஹெரெடிக் விளையாட்டில் உங்களை ஒன்றுமே செய்ய முடியாத பத்துச் சத்தங்கள் இருக்கின்றன. ஓர் அலறல். எதுவோ நசுங்குவது. நீர் சொட்டுவது. மெதுவாக நடக்கும் காலடி. இதயத்துடிப்பு. மணி. உறுமல். மந்திரம் போட்டாற்போல ஒரு ரீங்காரம். சிரிப்பு. ஓடும் காலடி. விளையாட்டில் வரும் மற்ற உறுமல்களுக்கு ஒரு சொந்தக்காரன் உண்டு. சத்தம் வந்த பக்கம் போனால் ஒரு பூதம் நிற்கும், அடிக்கலாம். இந்தப் பத்துக்கும் சொந்தக்காரர் கிடையாது. ஒரு கோட்டையில் இருந்த அத்தனையையும் கொன்று முடித்து, பிணங்களுக்கு நடுவே மூச்சு வாங்கும்போதும் யாரோ சிரிப்பார்கள். திரும்பினால் சுவர்தான்.

"டேய், முப்பது வருஷப் பழைய கேம்லா அது, அதுக்கு எதுக்குடா கட்டுரை?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். 1994 டிசம்பர் 23 அன்று வெளியான விளையாட்டு. 2025 ஆகஸ்டில் அதையும் அதன் அடுத்த பாகமான ஹெக்ஸனையும் துடைத்துப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள். பழைய நினைவுக்காக வாங்கியவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். நான் அதை இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடினேன். படம் பழசாகிவிட்டது, அதை மறைக்க முடியாது. சத்தம் மட்டும் பழசாகவில்லை. அந்தச் சிரிப்பு எப்படி உலகம் முழுக்க வீடுகளுக்குள் வந்தது என்று தேடிக்கொண்டே போனால், வழி என் வீட்டிலிருந்து இரண்டு எம்ஆர்டி நிறுத்தம் தள்ளி வந்து நிற்கிறது. நான் இருப்பது புக்கிட் மேராவில், ரெட்ஹில் நிலையத்துக்குப் பக்கத்தில்.

அண்டங்காக்கையின் விளையாட்டு

1993 டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் என்ற சின்ன அமெரிக்க நிறுவனம் டூம் விளையாட்டை வெளியிட்டது. துப்பாக்கி பிடித்த கை மட்டும் திரையில் தெரியும். மீதி உடம்பு நீங்கள்தான். அந்த விளையாட்டை ஓட்டிய எஞ்சினை வாங்கி, வேறொரு உலகத்தைக் கட்டியவர்கள் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ரேவன் சாஃப்ட்வேர். பிரையன் ராஃபெல், ஸ்டீவ் ராஃபெல் என்ற அண்ணன் தம்பி 1990ல் தொடங்கிய நிறுவனம். டூம் உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ ஹெரெடிக்கின் தயாரிப்பாளராக இருந்தார்.

துப்பாக்கி போய் மந்திரக்கோல் வந்தது. விண்வெளித் தளம் போய்க் கல்கோட்டை வந்தது. டூமில் மேலே கீழே பார்க்க முடியாது. இதில் பார்க்கலாம், சிறகு கிடைத்தால் பறக்கவும் செய்யலாம். பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வேண்டிய நேரத்தில் எடுத்துப் பயன்படுத்தலாம். எதிரியைக் கோழியாக மாற்றும் ஒரு முட்டை உண்டு. டூமில் சாகாவரம் தரும் ரகசியச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொண்டு இங்கே தட்டினால், விளையாட்டு உங்களைக் கொன்றுவிடும். எல்லா ஆயுதமும் தரும் சொல்லைத் தட்டினால் இருப்பதையும் பிடுங்கிக்கொள்ளும். குறும்புக்காரர்கள்!

கதை இப்படி. பாம்பேறிகள் என்று மூவர் ஓர் உலகத்துக்கு வருகிறார்கள். அரசர்கள் ஏழு பேரும் அவர்களிடம் மயங்கிப் பணிந்துவிடுகிறார்கள். அந்த மயக்கம் பலிக்காத ஓர் இனம் மட்டும் மிஞ்சுகிறது. பணியாததால் அவர்களுக்கு ஒரு பட்டம் கிடைக்கிறது: ஹெரெடிக். பழைய தமிழ்க் கிறிஸ்தவ நூல்களில் இதற்குப் 'பதிதன்' என்றொரு சொல் உண்டு, வழி தவறி விழுந்தவன். நாயகன் பெயர் கோர்வஸ். லத்தீனில் காக்கை இனத்தைக் குறிக்கும் சொல். ரேவன் என்றாலும் அண்டங்காக்கைதான். தங்கள் பெயரையே நாயகனுக்கு வைத்துவிட்டார்கள்.

அவர்களுடைய பூதங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். நாயகனின் இனத்துக்குப் பெயர் அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளிலிருந்து. கோபுர மூலையில் உட்காரும் சிறகுப் பிசாசு ஐரோப்பியத் தேவாலயங்களிலிருந்து. களிமண் மனிதன் யூத மரபிலிருந்து. காளைத்தலையன் கிரேக்கத்திலிருந்து. விஸ்கான்சின் இளைஞர்கள் தங்கள் பாட்டிகளின் பாட்டிகள் சொன்னதையும், மேசைமேல் பகடை உருட்டி ஆடிய கற்பனை விளையாட்டுகளையும் சேர்த்துப் பிசைந்து செய்த உலகம் இது. இது ஒரு குறையே அல்ல. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இருட்டு அது.

256 எண்கள்

ஹெரெடிக்கின் மூல நிரலை 1999ல் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்தப் பத்துச் சத்தங்களும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வந்தன.

ஒவ்வொரு களத்துக்கும் இந்தப் பத்தில் எவையெவை வேண்டும் என்று வடிவமைப்பாளர் எண் போட்டுக் குறிக்கிறார். மெதுவான காலடிக்கு 1203, சிரிப்புக்கு 1208. வரைபடத்தில் எங்கே வைத்தாலும் ஒன்றுதான். அவற்றுக்கு இடம் கிடையாது. ஒரு சத்தம் முடிந்ததும் விளையாட்டு குறைந்தது ஆறு நொடி காத்திருக்கும். அதற்குமேல் இன்னும் ஏழு நொடி வரை கூடலாம். எவ்வளவு கூடும், அடுத்து எந்தச் சத்தம் வரும் என்பதை 256 எண்கள் கொண்ட ஓர் அட்டவணை தீர்மானிக்கிறது. முன்கூட்டியே எழுதி வைத்த எண்கள். உங்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஓர் அட்டவணையில் அடுத்த எண் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

காலடிச் சத்தம் இன்னும் அழகு. ஒரே ஓர் அடியின் பதிவுதான் இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒலியைக் கொஞ்சம் குறைக்கிறார்கள். யாரோ நம்மைத் தாண்டிப் போவது போலக் காது நம்பிவிடுகிறது. வீவக வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும். ராத்திரி இரண்டு மணிக்குப் பொது நடைபாதையில் ஒரு செருப்புச் சத்தம் வரும், நம் கதவைத் தாண்டும், தேயும். அடுத்த வீட்டுக்காரர்தான் என்று மூளைக்குத் தெரியும். காதுக்குத் தெரியாது.

பேய்க்கதை சொன்ன ஆயாக்கள் எல்லோரும் இதை அறிந்தவர்கள்தான். கண்ணுக்குத் தெரிந்த பேய் பாதிப் பேய். ஹெரெடிக்கை உருவாக்கியவர்கள் இதைக் கணினியில் எழுதினார்கள். ஆனால் எழுதினால் மட்டும் போதுமா? 1994ல் ஒரு சாதாரணக் கணினிக்குச் சிரிக்கத் தெரியாது.

பெர்ல்ஸ் சென்டரில் ஒரு கடை

ஐபிஎம் வகைக் கணினியோடு கூடவே வந்தது ஒரு சின்ன ஒலிபெருக்கி. பிழை நேர்ந்தால் 'பீப்' என்று கத்துவதற்கு வைத்தது. 1987ல் கனடாவின் கியூபெக்கிலிருந்து ஆட்லிப் என்ற அட்டை வந்தது. யமஹா சில்லு பொருத்தியது, இசைக் கருவிகளைப் போலி செய்து நன்றாகவே வாசிக்கும். ஆனால் பதிவு செய்த குரலை ஒலிக்கவிடும் வசதி அதில் இல்லை. ஆட்லிப் வாசிக்கும், சிரிக்காது.

சிரிக்க வைத்தது சவுண்ட் பிளாஸ்டர். 1989 நவம்பரில் அமெரிக்காவின் காம்டெக்ஸ் கண்காட்சியில் அறிமுகமானது. ஆட்லிப்பில் இருந்த அதே யமஹா சில்லு இதிலும் உண்டு, ஆகவே ஆட்லிப்புக்கு எழுதிய இசை அப்படியே ஓடும். கூடவே பதிவு செய்த ஒலியை ஒலிக்கவிடும் வழியும், ஜாய்ஸ்டிக் செருகும் வாயும். மூன்றும் ஒரே அட்டையில். செய்தது சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி.

அந்த நிறுவனம் 1981 ஜூலை 1 அன்று தொடங்கியது சைனாடவுன் ஓரத்தில், யூ டோங் சென் ஸ்திரீட்டில் இருந்த பெர்ல்ஸ் சென்டரில், கணினி பழுதுபார்க்கும் ஒரு கடையாக. தொடங்கியவர்கள் சிம் வோங் ஹூ, அவருடைய பள்ளித் தோழர் இங் காய் வா. சிம், புக்கிட் பாஞ்சாங் கம்பத்தில் வளர்ந்தவர், ஹார்மோனிக்கா வாசிப்பவர், நீ ஆன் தொழிற்கல்லூரியில் படித்தவர். 1986ல் அவர்கள் செய்த கணினி சீன மொழியைக் கையாளும், பேசும், இசைக்கும். விற்கவில்லை. அந்தத் தோல்வியிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு 1987ல் ஓர் இசை அட்டை செய்தார்கள். 1988ல் சிம் அமெரிக்கா போனார். அடுத்த வருடம் சவுண்ட் பிளாஸ்டர்.

அந்தக் காலத்து டாஸ் இயங்குதளத்தில் ஒலி அட்டையோடு பேசும் வேலையை இயங்குதளம் செய்யாது. ஒவ்வொரு விளையாட்டும் நேரடியாக அட்டையோடு பேச வேண்டும். ஆகவே விளையாட்டு எழுதுகிறவர்கள் எது அதிக வீடுகளில் இருக்கிறதோ அதற்குத்தான் முதலில் எழுதுவார்கள். அப்படி சவுண்ட் பிளாஸ்டர் ஒரு மொழியாகவே ஆகிவிட்டது. மற்ற நிறுவனங்கள் தங்கள் பெட்டியில் 'சவுண்ட் பிளாஸ்டருக்குப் பொருந்தும்' என்று அச்சடித்து விற்றன. அந்த நாளில் கேம் ஆடியவர்களுக்கு ஏ220, ஐ5, டி1 என்ற மூன்றும் ஏதோ மூல மந்திரம் மாதிரி இன்றும் ஞாபகம் இருக்கும். அவை அட்டையின் அமைப்பு எண்கள். ஒரு எண் தவறினாலும் கோட்டை ஊமை.

ஹெரெடிக்கின் சத்தங்கள் நொடிக்கு 11,025 துணுக்குகளாக, ஒவ்வொரு துணுக்கும் 256 படிகளில் ஒன்றாகப் பதிவானவை. இன்றைய காதுக்கு அது கரகரப்பு. முதல் சவுண்ட் பிளாஸ்டருக்கே அது போதுமான வேலை. 1992ல் சவுண்ட் பிளாஸ்டர் 16 வந்தது. அதே வருடம் கிரியேட்டிவ், நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்ட முதல் சிங்கப்பூர் நிறுவனம் ஆனது. ஹெரெடிக் வந்தபோது அந்த அட்டைகள் உலகம் முழுக்க உட்கார்ந்திருந்தன.

இதை ஊர்ப் பெருமையாகப் படிக்கலாம். நான் அப்படிப் படிக்கச் சொல்லவில்லை. இசைச் சில்லு ஜப்பானியர்களுடையது. முதல் அட்டையில் பதிவொலியைக் கையாண்டது இன்டெல் வடிவமைத்த வகைச் சில்லு. பொருத்தும் யோசனை சிங்கப்பூருடையது. துறைமுகம் செய்கிற வேலைதான் அது: யார் யாருடைய சரக்கையோ சரியான வரிசையில் அடுக்கி, வேண்டியவர் வாசலில் இறக்குவது. அதில் ஒரு மேதைமை இருக்கிறது.

இந்த வரலாற்றை நம் ஊரில் எப்போதும் வணிகப் பக்கத்தில்தான் எழுதுகிறார்கள். பங்கு விலை ஏறியது, ஒலிச்சில்லைத் தாய்ப்பலகையிலேயே பொருத்தும் காலம் வந்ததும் அட்டை தேவைப்படாமல் போனது, 2006ல் ஆப்பிள் காப்புரிமை வழக்கைத் தீர்க்க 10 கோடி டாலர் கொடுத்தது, 2023 ஜனவரி 4 அன்று சிம் 67 வயதில் மறைந்தார். எல்லாம் உண்மை. விடுபட்டது ஒன்று: ஒரு தலைமுறை எப்படிப் பயப்படக் கற்றுக்கொண்டது என்பதில் இந்த அட்டைக்கு இருந்த பங்கு. அச்சுக்கூடம் இல்லாமல் நாவலின் வரலாற்றை எழுத முடியாது என்று இலக்கிய வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குன்றின் அடியில்

ரெட்ஹில்லிலிருந்து தியோங் பாரு, அடுத்தது ஊட்ரம் பார்க். அங்கே இறங்கி நடந்தால் பெர்ல்ஸ் சென்டர் இருந்த இடம். இன்று கட்டடம் இல்லை, புதிய எம்ஆர்டி பாதைக்காக இடித்துவிட்டார்கள். அங்கே போய்ப் பார்க்க ஒன்றுமில்லாததால், நான் திரும்பி என் பேட்டையின் பெயரையே யோசிக்கத் தொடங்கினேன்.

புக்கிட் மேரா என்றால் மலாயில் செங்குன்று. செம்மண்தான் காரணம் என்று புவியியல் சொல்லும். மக்கள் சொல்வது வேறு. செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று நூலில் ஒரு கதை வருகிறது. சிங்கப்பூரக் கடற்கரையை ஊசிமூக்கு மீன்கள் தாக்குகின்றன. தண்ணீரிலிருந்து பாய்ந்து ஆட்களைக் குத்திச் சாய்க்கின்றன. அரசன் தன் வீரர்களைக் கரையில் வரிசையாக நிறுத்தி, அவர்களுடைய கால்களையே வேலியாக்குகிறான். கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். ஒரு சிறுவன் கேட்கிறான், கால்களுக்குப் பதில் வாழைத்தண்டு வைத்தால் என்ன? வைக்கிறார்கள். மீன்களின் மூக்கு தண்டில் சிக்கிக்கொள்கிறது, ஊர் பிழைக்கிறது. பிறகு பெரியவர்கள் அரசன் காதில் ஓதுகிறார்கள்: இந்த வயதிலேயே இவ்வளவு மூளை, வளர்ந்தால் என்ன ஆகும்? அரசன் சிறுவனைக் கொல்லச் சொல்கிறான். அந்த ரத்தப்பழி ஊர்மேல் விழுந்தது என்கிறது நூல். அவன் ரத்தம் ஓடித்தான் குன்று சிவந்தது என்கிறது மக்கள் கதை. நான் தினமும் ரயிலேறும் நிலையத்தின் பெயரில் ஒரு குழந்தையின் கொலை இருக்கிறது.

அதே நூலில் பாடாங் என்றொரு அடிமை வருகிறான். அவன் வலையில் விழும் மீனை ஒரு பூதம் தின்றுவிட்டுப் போகிறது. அதைப் பிடித்து மிரட்ட, அது கக்கியதை அவன் தின்று பெரும்பலம் பெறுகிறான். கலிங்க மன்னன் அனுப்பிய மல்லனோடு போட்டி. பாடாங் ஒரு பாறையைத் தூக்கிச் சிங்கப்பூர் ஆற்றின் வாயில் எறிகிறான். ஆற்று முகத்தில் உண்மையிலேயே எழுத்துப் பொறித்த ஒரு பெரும்பாறை இருந்தது. 1843ல் பிரிட்டிஷார் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எழுத்தை இன்னும் யாரும் படித்து முடிக்கவில்லை. கலிங்கம் என்று மலாய்க்காரர்கள் சொன்னது நம்மவர்களையும் சேர்த்துத்தான். ஆகவே இந்தக் கதையில் நமக்கும் ஒரு வேடம் உண்டு, தோற்றவர் வேடமானாலும்.

இருண்ட மிகுபுனைவுக்கு இதைவிட என்ன வேண்டும்? கடலிலிருந்து வரும் படை, கால்களால் ஆன வேலி, பூதத்தின் வாந்தியில் கிடைக்கும் பலம், வெடித்துச் சிதறிய கல்லில் புரியாத எழுத்து. இதையெல்லாம் வைத்துக்கொண்டிருந்த ஊர், அடுத்தவர் பூதம் சிரிக்க அட்டை செய்து கொடுத்தது.

யூ-டர்ன்

இதற்கு உடனே ஒரு விளக்கம் கையில் கிடைக்கும். அதையும் தந்தவர் சிம்தான். 1999ல் வெளியிட்ட தன் கட்டுரை நூலில், சாலையில் வண்டியைத் திருப்புவது பற்றி எழுதினார். அமெரிக்காவில் திரும்பாதே என்று பலகை இல்லாவிட்டால் திரும்பலாம். சிங்கப்பூரில் திரும்பலாம் என்று பலகை இருந்தால்தான் திரும்பலாம். அனுமதிக்குக் காத்திருக்கும் இந்தப் பழக்கத்துக்கு அவர் ஒரு நோயின் பெயர் போலவே பெயர் வைத்தார், 'யூ-டர்ன் இல்லா நோய்க்குறி' என்று. வாழைத்தண்டு சொன்ன சிறுவனின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருத்தம் கச்சிதமாக இருக்கும். கேட்காமல் யோசித்தவன் செத்தான். அதனால் யாரும் யோசிப்பதில்லை. கட்டுரையை இங்கே முடித்துவிடலாம் என்று தோன்றும்.

முடிக்க முடியாது, ஏனென்றால் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இந்த ஊர் இருட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 1957ல் கேத்தே-கெரிஸ் நிறுவனம் இங்கே 'பொந்தியானாக்' எடுத்தது, பேயாகும் பெண்ணின் கதை. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். பெரும் வெற்றி, தொடர் பாகங்கள் வந்தன. 1960களின் தொடக்கத்தில் ஊசிமூக்கு மீன் கதையும் படமானது, பாடாங்கும் படமானான். மலாய் நடிகர்கள், இந்திய இயக்குநர்கள், சீன முதலாளிகள். இதுவும் அடுக்கும் வேலைதான். ஆனால் அடுக்கியது தன் சொந்தக் கதையை. பிறகு பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக் கூடம் 1967ல் மூடியது. கேத்தே-கெரிஸும் 1970களின் தொடக்கத்தில் நின்றது. முதல் 'பொந்தியானாக்'கின் பிரதிகூட இன்று கிடைப்பதில்லை.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கதை சொன்ன கூடங்கள் மூடுகின்றன. ஊர் தொழிற்சாலைக்கும் தொழிற்கல்லூரிக்கும் மாறுகிறது; குன்றுகளைச் சமன் செய்து வீடு கட்டுகிறது. அப்படி வந்த தொழிற்கல்லூரி ஒன்றிலிருந்துதான் ஹார்மோனிக்கா வாசிக்கும் ஒரு பையன் வெளியே வருகிறான். கதை இருந்தபோது கருவி இல்லை. கருவி வந்தபோது கதை சொல்லும் கூடம் இல்லை. இடையில் இருபது வருடம். ஊரின் குணம் என்றோ மரபணு என்றோ சொல்லித் தப்பிக்க வேண்டாம். இது ஒரு தவறிய சந்திப்பு. குணத்தை மாற்றுவது கஷ்டம். தவறிய சந்திப்பை மறுபடி ஏற்பாடு செய்யலாம்.

அதற்குத் தேவையானதெல்லாம் இப்போது இலவசம். ஹெரெடிக்கின் நிரல் திறந்தே கிடக்கிறது. களம் வரையும் மென்பொருள்களும் அப்படியே. உலகம் முழுக்க ஆர்வலர்கள் டூமுக்கும் ஹெரெடிக்குக்கும் இன்றும் புதுக் களங்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பலகை எதுவும் வைக்க வேண்டியதில்லை. சிவந்த ஒரு குன்று, கீழே கரை, வாழைத்தண்டு வேலி, மேலே அரண்மனை. பூதங்களை எல்லாம் கொன்ற பிறகு, வரைபடத்தில் எங்கேயாவது 1203 என்று ஓர் எண். யாரோ மெதுவாக நடந்து போவார்கள், ஒவ்வோர் அடியும் முந்தையதைவிட மெல்ல. சின்னப் பாதம்தான், கனமில்லாத அடி. விஸ்கான்சின்காரர்கள் அந்தக் காலடியை யாருக்கென்றும் எழுதவில்லை. எங்கள் பேட்டையில் அதற்கு ஆள் இருக்கிறான்.